மோட்டார் விழுந்த இடத்தில் முதல் பத்து நிமிடம்

தோட்டத்துச் சந்தியில் மோட்டார் ஒன்று சறுக்கி விழுகிறது. பின்னால் வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார்கள். ஒருவர் "காத்து படட்டும்" என்று தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றுகிறார். இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிச் சாலையோரம் கொண்டுபோகிறார்கள். இன்னொருவர் தண்ணீர் போத்தலை வாயில் வைக்கிறார். எல்லாமே நல்ல மனத்தோடு செய்யப்படுபவைதான். ஆனால், விழுந்தவரின் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அல்லது அவர் நினைவிழந்திருந்தால், இவை ஒவ்வொன்றும் அவர் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மலேசியச் சாலைகளில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தைத் தவிர்த்தால், ஆண்டுதோறும் 6,000 பேருக்கும் மேல் உயிரிழக்கின்றனர். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும்தான். 16 வயதில் பி2 உரிமம் எடுக்கும் பிள்ளை முதல், விடியற்காலையில் செம்பனை அறுக்கப் போகும் தொழிலாளி, பட்டணத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் வரை நம் குடும்பங்களில் மோட்டார் ஓட்டாதவர் குறைவு. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வதும் பெரும்பாலும் இன்னொரு மோட்டார்சைக்கிளோட்டியே. முதலுதவிப் பயிற்சி அவருக்குத்தான் முதலில் தேவைப்படுகிறது.

ஜெர்மனியில் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் எந்த ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. பிரிட்டனில் கெண்ட் வட்டாரத் தீயணைப்புத் துறை தொடங்கிய 'பைக்கர் டவுன்' என்ற இலவச வகுப்பு, மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்றே அமைக்கப்பட்டது. விபத்து நடந்த இடத்தைப் பாதுகாப்பது, அடிபட்டவரைப் பார்ப்பது, மற்ற ஓட்டுநர்களின் கண்ணில் படும்படி ஓட்டுவது ஆகிய மூன்றையும் அது கற்றுத் தருகிறது. இங்கே உரிமம் எடுப்பவருக்கு அப்படித் தனிப் பயிற்சி கட்டாயமில்லை. விரும்புகிறவர் தாமே தேடிப் போய்த்தான் கற்க வேண்டும்.

முதலில் சாலை, பிறகு ஆள்

பயிற்சியில் முதலில் சொல்லப்படுவது, உதவப் போகிறவர் இரண்டாவது விபத்தில் சிக்கக் கூடாது என்பதாகும். வளைவில் கிடப்பவரிடம் ஓடுவதற்கு முன், வருகிற லோரிக்கு எச்சரிக்கை தர ஒருவரை நிறுத்த வேண்டும். சொந்த மோட்டாரைச் சற்றுப் பின்னால், விளக்கு எரிய நிறுத்தலாம். சாலையில் மரக்கிளையை வெட்டிப் போடும் நம் ஊர்ப் பழக்கம் பகலில் உதவும். இரவில் கிளை யார் கண்ணிலும் படாது, கைவிளக்குதான் வேண்டும். விழுந்து கிடக்கும் மோட்டாரின் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்த வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் அருகில் யாரும் சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிபட்டவரிடம் அவர் முகத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து போக வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். கழுத்தில் அடி இருந்தால் அந்தத் திருப்பமே போதும், கெடுதல் நேர. "அண்ணே, ஆடாம அப்படியே இருங்க, பேர் என்ன?" என்று கேட்கும்போதே இன்னொருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலைக்கவசத்தின் இரு பக்கத்தையும் பிடித்துத் தலை அசையாமல் வைத்துக்கொள்ளலாம். நெருப்போ, விலக்க முடியாத போக்குவரத்தோ இருந்தாலொழிய, அவரைக் கிடக்கும் இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது.

தலைக்கவசத்தை எப்போது கழற்றுவது?

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். அவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் தலைக்கவசத்தைத் தொடவே வேண்டாம். முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். கப்சாய் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் முகம் தெரியும் அரைத் தலைக்கவசம்தான் அணிகிறார்கள். முகமும் வாயும் கண்ணுக்குத் தெரியும்போது அதைக் கழற்ற அவசியமே இல்லை.

முழுமுகத் தலைக்கவசம் அணிந்தவருக்கு மூச்சு இல்லை, அல்லது வாந்தியோ இரத்தமோ வாயை அடைத்திருக்கிறது என்றால் மட்டும் கழற்றியாக வேண்டும். கழுத்தைக் காப்பாற்றும் எண்ணம் சரியே. ஆனால் மூச்சில்லாமல் சில நிமிடங்கள் போனால் மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

அதை இருவர் சேர்ந்து செய்வதே முறை. தாடைப்பட்டியை அவிழ்த்த பின், ஒருவர் பக்கவாட்டில் மண்டியிட்டு ஒரு கையால் தாடையையும், மறு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துப் பின்மண்டையையும் தாங்க வேண்டும். மற்றவர் தலைமாட்டில் இருந்து, கவசத்தின் இரு பக்கத்தையும் வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காதபடி மெல்லச் சாய்த்து, நேராக வெளியே உருவ வேண்டும். கவசம் வெளியே வரும் நொடியில் தலை 'தொப்'பென்று கீழே விழப் பார்க்கும். தாங்குகிறவரின் கைதான் அதைத் தடுக்கிறது. படித்தால் எளிதாகத் தெரியும் இந்த வேலை, கையால் பத்து முறை செய்து பார்க்காதவருக்கு வராது. பயிற்சிக்குப் போகிறவர் தம் சொந்தத் தலைக்கவசத்தை எடுத்துச் சென்று பழகுவது நல்லது.

மூச்சு இருக்கிறதா என்பதை, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து வினாடிக்கு மேல் போகாமல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போதாவது ஒருமுறை 'கொர்' என்று இழுப்பது மூச்சு அல்ல. இதயம் நின்றவரிடம் அப்படி வரும். "மூச்சு வருது, பொறுங்க" என்று சொல்லி அங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சியோ மனமோ இல்லாதவர் அழுத்துவதை மட்டும் தொடரலாம்.

நினைவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது, வாந்தி வருகிறது என்றால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, மூன்று நான்கு பேர் ஒரே சமயத்தில் அவரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்ல, மற்றவர்கள் அந்தச் சொல்லுக்குத் திருப்ப வேண்டும்.

இரத்தமும் காப்பித்தூளும்

பீய்ச்சியடிக்கும் இரத்தம் மூச்சுத் திணறலுக்குச் சமமான ஆபத்து. அதற்காக யாரையும் காத்திருக்க முடியாது. கையில் உறை இல்லாவிட்டால் கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி பெருகும். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும்.

அழுத்தியும் நிற்காமல் கையிலோ காலிலோ இரத்தம் கொட்டினால்தான் இறுக்குக் கட்டு. அகலமான துணியைக் காயத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, மருத்துவமனை சேரும்வரை அவிழ்க்காமல் இருக்க வேண்டும். மெல்லிய கயிறும் கம்பியும் சதையை அறுத்துவிடும்.

காப்பித்தூள், மஞ்சள், புகையிலை ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் பழக்கம் தோட்டப்புறங்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. காயத்தில் அழுக்கைச் சேர்ப்பதைத் தவிர அவற்றால் பயனில்லை. தையல் போடுவதற்கு முன் மருத்துவமனையில் அதையெல்லாம் சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும். புகைக்குழாய் காலில் பட்டுச் சுட்டால் பற்பசையோ சோயா சாஸோ தடவுவதும் அப்படியே. சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் மருந்து.

தோட்டத்தில் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு காயம் உண்டு. அறுவடை அரிவாளை உறை போடாமல் மோட்டாரில் வைத்துக்கொண்டு போகிறவர் விழும்போது, சாலையைவிட அரிவாள்தான் அதிகம் வெட்டுகிறது. உடம்பில் குத்தி நிற்கும் எதையும் பிடுங்கக் கூடாது; அதைச் சுற்றித் துணியை வைத்து, அசையாமல் கட்டி அனுப்ப வேண்டும். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொண்டால், முதலில் என்ஜினை நிறுத்தி, துணியைக் கத்தரிக்க வேண்டும், சக்கரத்தைத் திருப்பி எடுக்க முயலக் கூடாது. சங்கிலியில் விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து நோயாளியோடு அனுப்ப வேண்டும். விரலை நேரே ஐஸில் போடக் கூடாது.

எலும்பு முறிவைப் பொறுத்தவரை, கோணிய காலை நேராக்கப் பார்க்காமல், கிடந்தபடியே அட்டையோ சுருட்டிய துணியோ அணைவாக வைத்தால் போதும்.

உடலுக்குள் இரத்தம் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. முகம் வெளுக்கும், உடம்பு சில்லிட்டு வியர்க்கும், "தண்ணீர், தண்ணீர்" என்று கேட்பார். கேட்பவருக்குத் தண்ணீர் இல்லை என்பது நம் வழக்கத்தில் இல்லாத செயல். ஆனாலும் கொடுக்கக் கூடாது. நினைவு மங்கினால் அது நுரையீரலுக்குள் போகும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் சிக்கல் வரும். ஈரத்துணியால் உதட்டை நனைத்து, படுத்தபடியே வைத்து, குளிராமல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம்.

ஆம்புலன்ஸுக்கு வழி தெரியுமா?

மலேசியாவில் ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 999 ஒரே எண்தான். கைத்தொலைபேசியில் 112 அழுத்தினாலும் அங்கேயே போய்ச் சேரும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் போதும். செம்பனைக் காட்டுக்குள் எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "கோயிலுக்குப் பின்னால" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு விளங்காது. தோட்டத்தின் பெயர், பிரிவு, பலகையில் எழுதியிருக்கும் புளோக் எண், உள்ளே நுழையும் பிரதான சாலை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மலாயில் பேசத் தயங்கும் மூத்தவர்கள் "கெமாலாங்ஙான் மோட்டோசிக்கல்" (மோட்டார் விபத்து), "தீடாக் செடார்" (நினைவில்லை), "தீடாக் பெர்னாஃபாஸ்" (மூச்சில்லை) என்ற மூன்றை மனப்பாடம் செய்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அந்தப் பக்கம் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

அழைத்தவுடன் ஒருவரை மோட்டாரில் தோட்டத்து முகப்புக்கு அனுப்பித் தடுப்பைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். இரவாக இருந்தால் ஒவ்வொரு சந்தியிலும் விளக்கோடு ஓர் ஆள். லைன் கிடைக்காத பள்ளங்கள் எவை, எந்த மேட்டில் ஏறினால் கிடைக்கும் என்பது அங்கே தினமும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். அதை முன்கூட்டியே எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது முதலுதவியில் சேர்ந்ததுதான்.

ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஆம்புலன்ஸுக்கு 995, 999 போலீசுக்கு. இதயம் நின்றவர் அருகில் இருந்தால் தகவல் தந்து அழைக்கும் 'மைரெஸ்பாண்டர்' செயலியைச் சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை 2015 முதல் நடத்தி வருகிறது.

விபத்தில் தொடர்புள்ள ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தம்மால் முடிந்த உதவியைச் செய்து, 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. பயந்து ஓடிவிடுவது குற்றம்.

எங்கே கற்பது, எதைக் கேட்பது

மலேசியச் செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியப் பொதுத் தற்காப்புப் படை ஆகியவை முதலுதவி, சிபிஆர் வகுப்புகளை நடத்துகின்றன. தோட்டக் கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆள் சேர்த்துக் கேட்டால், பயிற்றுநரை ஊருக்கே வரவழைக்கப் பார்க்கலாம். பல வீடுகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளை ஏற்கெனவே செம்பிறையிலோ செயின்ட் ஜானிலோ சீருடை உறுப்பினராக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாத கட்டு மகளுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் யாரும் அவளிடம் கேட்பதில்லை.

பொது முதலுதவி வகுப்பு பெரும்பாலும் அலுவலகத்தையும் தொழிற்சாலையையும் மனத்தில் வைத்து நடத்தப்படுவது. எனவே பதியும்போதே தலைக்கவசம் கழற்றுதல், முதுகுத்தண்டு அசையாமல் திருப்புதல், இறுக்குக் கட்டு ஆகிய மூன்றும் செய்முறையாக உண்டா என்று கேட்க வேண்டும். பொம்மையின் மார்பை ஒவ்வொருவரும் அழுத்திப் பார்க்காத வகுப்பில் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டு செல்லும் என்றாலும், பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடும்.

இருக்கைக்கு அடியில் வைக்க வேண்டியவை அதிகமில்லை: இரண்டு சோடி கையுறை, அகலமான இரண்டு கட்டுத்துணி, காயத்தில் வைக்கும் தடித்த பஞ்சுத்துணி, கத்தரி, சிறு கைவிளக்கு, நேரம் குறிக்க ஒரு மார்க்கர் பேனா. அடையாள அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும். நீரிழிவு உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்து ஒவ்வாது, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அதில் எழுதி வைக்கலாம். சர்க்கரை திடீரென்று இறங்கி விழுந்தவரைக் குடித்துவிட்டு விழுந்தார் என்று நினைத்து விட்டுவிடாமல் இருக்க அந்தச் சீட்டு உதவும். வெயிலில் நிற்கும் மோட்டாரின் இருக்கைக்கு அடியில் இரப்பர் கையுறை ஒட்டிக் கிழிந்து போகும் என்பதால், சாலை வரி புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் மாற்றிவிட வேண்டும்.