நடைவண்டிக்கு உள்ளேயும் பின்னேயும்

உட்ரெக்ட் நகரத்தில் 1440 வாக்கில் உருவான ஒரு ஜெபநூல் இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. கிளீவ்ஸ் சீமாட்டி கேத்தரினுக்காகச் செய்தது. அதில் ஒரு ஓவியம்: மரியாள் நெய்கிறாள், யோசேப்பு மரம் இழைக்கிறார், குழந்தை இயேசு சக்கரம் வைத்த மரச்சட்டத்துக்குள் நிற்கிறார். ஆமாம், வாக்கர்தான். அம்மாவும் அப்பாவும் வேலையில் இருந்தால் பிள்ளையை எங்கே விடுவது? அந்தக் கேள்விக்கு ஐரோப்பா சொன்ன பழைய பதில்களில் ஒன்று இது.

அடுத்த நூற்றாண்டுகளில் பதில்கள் பெருகின. குழந்தை தவழ்வதே பலருக்கு அருவருப்பாக இருந்தது. நாலு காலில் போவது மிருகம் அல்லவா! சட்டையின் தோளில் நீளமான பட்டைகளைத் தைத்துப் பெரியவர்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். விழுந்தால் மண்டை உடையாமலிருக்கப் பஞ்சு வைத்த தொப்பி வேறு.

ரூசோவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பட்டையும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம், புல்வெளியில் விடுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் விழட்டும் என்று 1762இல் 'எமீல்' நூலில் வாதாடினார். நல்ல யோசனைதான். ஆனால் தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பியவர் அவர். ஒரு பிள்ளை விழுந்து எழுவதைக்கூடப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

பார்த்தவர் எம்மி பிக்லர். போர் முடிந்திருந்த 1946இல், புடாபெஸ்டின் லோட்ஸி தெருவில், பெற்றோர் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கான இல்லத்தை அந்த மருத்துவர் தொடங்கினார். அவருடைய விதி எளிது: குழந்தை தானாக வராத நிலையில் அதை வைக்காதே. உட்காரத் தெரியாததைத் தலையணை வைத்து உட்காரவைக்காதே. நிற்கத் தெரியாததைக் கையைப் பிடித்து நடத்தாதே. அதற்காகச் சும்மா விட்டுவிடவும் இல்லை. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் அவசரப்படாமல், குழந்தையோடு பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். கவனிப்பு கிடைத்த குழந்தை நடையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. கேரன் அடால்ஃபும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். அந்த 17ஐத்தான் நம்மால் தாங்க முடிவதில்லை. அதனால் வாக்கர் வாங்குகிறோம்.

ஆனால் வாக்கர் விழுவதை நிறுத்தவில்லை. அமெரிக்காவில் 1990க்கும் 2014க்கும் இடையில் 15 மாதத்துக்கு உட்பட்ட சுமார் 2,30,000 குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அவசர சிகிச்சைக்கு வந்ததாக ஒரு கணக்கு. நாலில் மூன்று பங்கு, மாடிப்படியில் உருண்டவை. சீக்கிரம் நடக்கவைக்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. வாக்கரில் வளர்ந்த பிள்ளைகள் சற்றுத் தாமதமாகவே நடந்ததாக 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

நம்மூர் மர நடைவண்டியும் இதே சாதிதானே என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் உண்டு. வாக்கருக்கு உள்ளே குழந்தை தொங்குகிறது. நடைவண்டிக்குப் பின்னே குழந்தை தன் காலில் நிற்கிறது. கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடும். எடையைச் சுமப்பது, சமநிலையைத் தேடுவது, எப்போது விடுவது எல்லாம் அதன் பொறுப்பு. வாசலும் படியும் நம் பொறுப்பு.

ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கன் மீது பாடிய காலத்திலிருந்து, பிள்ளைத்தமிழில் நடை பழகும் பிள்ளைக்கென்று வருகைப் பருவம் இருக்கிறது. அதில் யாரும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. நாலடி தள்ளி நின்று 'வா' என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.