வங்கக் கடல் வண்டலில் புவிக்காந்த வரலாறு

கடலடியில் படிந்து கிடக்கும் சேற்றை நீண்ட உருளைகளாகத் துளைத்தெடுத்து, அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்களின் காந்தத் திசையையும் வலிமையையும் அளந்து, பூமியின் காந்தப்புலம் முற்காலத்தில் எப்படி இருந்தது என்று கண்டறிவது வண்டல்வழித் தொல்காந்தவியல். கருவி வைத்து நேரடியாக அளந்த தொடர் பதிவுகள் இந்தியாவில் 1841இல் மும்பை கொலாபா ஆய்வகத்தில் தொடங்கின. நகரத்து டிராம்கள் மின்சாரத்துக்கு மாறவிருந்தபோது, அந்த மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் பணி 1904இல் அலிபாக்குக்குப் போனது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1957இல் ஓர் ஆய்வகம் வந்தது. ஆக, கையில் இருக்கும் நேரடிக் கணக்கு இரண்டு நூற்றாண்டுகூட இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்குப் பாறையும் சேறும்தான் சாட்சி.

அந்தச் சாட்சி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மயிலம், திண்டிவனம் பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் சங்கராபரணி, மயிலத்துக்கு அருகே வீடூர் அணையில் தேங்கிப் பிறகு புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. வராக நதி என்றும் இதற்குப் பெயர் உண்டு. வெள்ளம் வடிந்த பின் ஆற்று மணலில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடும். ஒரு காந்தத்தை அந்தக் கோட்டின் மேல் இழுத்தால் பொடிப்பொடியான துகள்கள் முள்முள்ளாய்ச் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். மலைப்பாறை சிதைந்து வந்த மாக்னடைட் என்ற இரும்புத் தாது அது. ஆனால் கைக்கு அகப்படும் இந்தப் பெரிய மணிகள் தொல்காந்தவியலுக்கு அவ்வளவாக உதவாது. அவை கரையோரமே தங்கிவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவும் அதற்குக் குறைந்ததுமான நுண்துகள்களே ஆழ்கடல்வரை மிதந்து போய்ப் பதிவேடாகின்றன.

அமைதியான நீரில் மெல்ல இறங்கும்போது ஒவ்வொரு நுண்துகளையும் அன்றைய காந்தப்புலம் தன் திசைக்குத் திருப்ப முயல்கிறது. அடிமட்டச் சேறு இளகலாக இருக்கும்வரை துகள் இன்னும் சற்றுத் திரும்பும். மேலே படியும் சேற்றின் பாரத்தில் நீர் பிழிந்து வெளியேறிய பிறகுதான் திசை நிலைக்கிறது. புழுக்கள் கிளறும் மேலடுக்குக்குக் கீழே, சில சென்டிமீட்டர் ஆழத்தில் இது நடக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டுமே படியும் இடத்தில் இந்தச் சில சென்டிமீட்டர் என்பது பல ஆயிரம் ஆண்டுகளைக் கலங்கலாக்கிவிடும். வேகமாகப் படியும் இடத்திலோ நுட்பமான மாற்றங்களும் தெரியும், ஆனால் அதே நீளமுள்ள மாதிரி குறைந்த காலத்தையே சொல்லும்.

நம் கடலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு குனிகிறது என்பது காந்தச் சரிவு. துருவங்களை ஒட்டி அது ஏறக்குறைய செங்குத்து; சென்னையில் சுமார் 14 பாகைதான், மயிலத்தில் இன்னும் சற்றுக் குறைவு. காந்த நிலநடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறிய காலங்களை அறிய, அண்டார்க்டிக் கடல் மாதிரியில் ஊசி மேல்நோக்கி நிற்கிறதா கீழ்நோக்கி நிற்கிறதா என்று பார்த்தாலே போதும். நீல் ஆப்டைக்கும் அவருடைய குழுவினரும் 1966இல் துருவ மாற்றங்களைக் கடல் வண்டலில் அத்தனை தெளிவாகக் காட்டியது அண்டார்க்டிக் மாதிரிகளில்தான். ஊசி படுத்தே கிடக்கும் வங்கக் கடலில் அந்த வழி கைகொடுக்காது. இங்கே காந்த ஒதுக்கம், அதாவது கிடைமட்டத் திசை, 180 பாகை புரண்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு, மாதிரியின் எந்தப் பக்கம் வடக்கைப் பார்த்துக் கிடந்தது என்று தெரிய வேண்டும். குழாய் கடலுக்குள் சுழன்றபடி இறங்கும் பொருள். வெறுமனே எடுத்துவந்தால் அந்தத் தகவல் கடலடியிலேயே போய்விடும்.

2024 வரை இயங்கிய ஜாய்டஸ் ரெசல்யூஷன் போன்ற துளைப்புக் கப்பல்களில் இதற்காகவே, பிஸ்டன் அழுத்தத்தால் சேற்றில் பாயும் குழாயோடு திசையறி கருவியையும் அனுப்புகிறார்கள். ஒரு பாய்ச்சலுக்கு சுமார் 9.5 மீட்டர் சேறு ஏறும். மூங்கில் குழாய்க்குள் இறுகிய புட்டைப் போல அடுக்கு கலையாமல் வரும். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கடுங்குளிரில் இயங்கும் மீக்கடத்து காந்தமானிக்குள் செலுத்துவார்கள். எஃகுக் குழாயின் காந்தமே சேற்றில் செங்குத்தாக ஒரு கறை ஏற்றியிருக்கும். மாறுதிசைக் காந்தப்புலத்தைப் படிப்படியாகக் கூட்டி அந்தக் கறையை நீக்கிய பிறகு மிஞ்சுவதே பழைய புலத்தின் குரல்.

இடத்தைத் தேர்வதும் பெரிய வேலை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் மணல், வங்கக் கடலின் அடியில் திடீர்ச் சரிவுகளாகப் பாய்ந்து அடுக்கைக் குலைக்கிறது. தொண்ணூறு பாகை கிழக்கு முகடு என்ற கடலடி மலைத்தொடர் அந்தப் பாய்ச்சலுக்கு மேலே உயர்ந்து நிற்பதால் அங்கே நுண்சேறு மட்டும் அமைதியாகப் படிகிறது. அதன் வடபகுதியில் 758 என்று எண்ணிட்ட தளத்தை 1988இல் துளைத்தார்கள். அதன் பக்கத்திலேயே 2014–15இல் இந்தியப் பருவமழை வரலாற்றுக்கான 353ஆம் துளைப்புப் பயணத்தில் மீண்டும் துளைத்தார்கள். 758இன் சேற்றில் சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பல் பல அடுக்குகளாக இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுக்கு முந்தைய பெருவெடிப்பின் சாம்பல் அவற்றில் ஒன்று. அதைவிடப் பழைய ஓர் அடுக்கு, கடைசித் துருவ மாற்றத்தை ஒட்டியே கிடந்தது. ஆர்கான் வாயுவின் அளவைக் கொண்டு அதன் வயதைக் கணித்து, அந்த மாற்றத்தின் காலத்தை வரையறுக்கப் பயன்படுத்தினார்கள். பெர்னார்ட் புரூன் 1906இலும் மொட்டொநோரி மட்சுயாமா 1929இலும் எரிமலைப் பாறைகளில் கண்ட தலைகீழ் காந்தத்தின் கடைசிக் காலம் முடிந்தது சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன் என்று இன்று கொள்ளப்படுகிறது.

இதே 758ஆம் தள மாதிரியில் கிறிஸ் குளூட்விக்கும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வேறொன்றைப் படித்தார்கள். வண்டலில் பதிந்த காந்தச் சரிவு, அது படிந்தபோது அந்த இடம் எந்த அட்சரேகையில் இருந்தது என்பதைச் சொல்லும். அடியிலிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனால், தெற்கிலிருந்து இந்தியத் தட்டு வடக்கே ஓடிவந்த பயணம் அப்படியே விரிகிறது. ஆண்டுக்கு 18 சென்டிமீட்டருக்கு மேல் இருந்த வேகம், சுமார் 5.5 கோடி ஆண்டுக்கு முன் 4.5 சென்டிமீட்டராகக் குறைந்தது. ஆசியாவோடு முட்டியதன் விளைவாக இதை அவர்கள் விளக்கினார்கள்.

புலத்தின் திசையைவிட வலிமையை அறிவது கடினம். மாக்னடைட் அதிகம் படிந்தாலும் காந்தம் கூடும், புலம் வலுத்தாலும் கூடும். ஆகவே ஆய்வகத்தில் தெரிந்த அளவு காந்தத்தை ஏற்றி, அந்த அளவால் இயற்கைக் காந்தத்தை வகுப்பார்கள். கிடைப்பது ஒப்பு வலிமை மட்டுமே. இப்படிப் பல கடல்களின் 33 பதிவுகளைச் சேர்த்து 1999இல் குயோடோவும் வாலேயும் 8 லட்சம் ஆண்டு வரைபடம் தந்தார்கள். அதில் புலம் பலமுறை சரிந்து, துருவம் நிலையாக மாறிவிடாமலே மீண்டிருக்கிறது. சுமார் 41,000 ஆண்டுக்கு முந்தைய லஷாம்ப் பிறழ்வு எனப்படுவதும் அப்படியொரு சரிவுதான். 1840களிலிருந்து புவிக்காந்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதைக் காட்டித் துருவம் புரளப்போகிறது என்று கிளப்பிவிடும் செய்திகளுக்கு இந்த வரைபடமே போதுமான மறுப்பு.

கடல் தன் பதிவைத் தானே அழிப்பதும் உண்டு. உயிர்ப்பொருள் மிகுந்த சேற்றில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைத்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மாக்னடைட்டைக் கரைத்துக் காந்தமற்ற பைரைட்டாக மாற்றிவிடும். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் மீத்தேன் கசியும் இடங்களில் இந்த அழிவு தீவிரம். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயிர்கள் காந்தத்தைச் சேர்ப்பதும் உண்டு: தம் உடலுக்குள் மாக்னடைட் படிகங்களைச் சங்கிலியாகக் கோத்து வளர்க்கும் பாக்டீரியாக்கள் மடிந்த பின் அந்தப் படிகங்கள் சேற்றில் தங்குகின்றன. அதே நிறுவனத்தார் தென்மேற்கு வங்கக் கடலில் எடுத்த 3 மீட்டர் மாதிரியில், ஊசி வடிவிலும் கதிர் வடிவிலும் இருந்த இராட்சதக் காந்தப் புதைபடிவங்களைக் கண்டு 2024இல் அறிவித்தார்கள். சுமார் 50,000 ஆண்டு வரை பழமையான சேறு அது. இவற்றை உருவாக்கிய உயிர் எது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

மயிலத்தார்க்கு இன்னும் பக்கத்தில் ஒரு கடல் அடி இருக்கிறது, இப்போது நிலமாக. வானூர், வழுதாவூர் பகுதிகளில் தரைக்குள்ளும் ஓடைக் கரைகளிலும் கிடப்பவை கிரெட்டேசியக் காலத்துக் கடலின் படிவுகள். புதுச்சேரியை ஒட்டிய இப்பகுதியில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த அம்மோனைட் முதலிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அரியலூர்ப் பகுதியில் இந்தக் கடல் படிவுகளின் மூத்த அடுக்குகள் படிந்த காலத்தில் புவிக்காந்தம் மூன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஒரே திசையில் நிலைத்திருந்தது. சுமார் 8.3 கோடி ஆண்டுக்கு முன் அந்த நிலை முடிந்து மீண்டும் புரளத் தொடங்கியது. வழுதாவூர் அடுக்குகள் அதற்குப் பிந்தியவை. ஆகவே வழுதாவூரில் காந்தத் திசை மாற்றங்களை எதிர்பார்க்கலாம். அரியலூரின் மூத்த களிமண்ணில் அப்படி எதிர்பார்க்க இடமில்லை.