அந்தமானில் இருந்து பல்கலைக்கழகம் மாறும் மாணவர்கள்: உடைமைகளை முன்னதாக அனுப்புவது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: உயர்கல்விக்காக அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இருந்து பெருநிலப்பகுதிக்குச் செல்லும் மாணவர்களும், அங்கிருந்து தீவுகளுக்கு வரும் மாணவர்களும் விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடலைக் கடந்துவிடலாம். ஆனால் அவர்களின் புத்தகங்கள், துணிமணிகள், படுக்கை, பாத்திரங்கள் ஆகியவை அதே வேகத்தில் வந்து சேர்வதில்லை. தீவுகளை இணைக்கும் ரயில் பாதையோ, சாலையோ இல்லை. எனவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன்பே, உடைமைகளை அனுப்பும் தேதியை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி வரம்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அடங்கும். போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரின் புரூக்ஷாபாத் பகுதியில் இப்பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. அங்கு பெருங்கடல் ஆய்வு மற்றும் கடல் உயிரியல் துறை செயல்படுகிறது. இத்துறையில் பயிலப் பெருநிலப்பகுதி மாணவர்கள் தீவுக்கு வருகின்றனர். தீவுகளில் பள்ளிப்படிப்பையோ, பட்டப்படிப்பையோ முடித்தவர்கள் சென்னை, புதுச்சேரி, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களுக்குச் செல்கின்றனர்.

விமானம்: எடை வரம்பே தடை

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி பொதுவாக 15 கிலோ வரையிலான பெட்டியைக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். கைப்பையாக 7 கிலோ கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஓர் ஆண்டுக்கான பாடநூல்களும் படுக்கையுமே இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், கனமான பொருள்களை வேறு வழியில் முன்னதாக அனுப்புவதே சிக்கனமானது.

பயணிகள் கப்பல்: மலிவு, ஆனால் காத்திருப்பு

ஸ்ரீ விஜயபுரத்தின் ஹாடோ துறைமுகத்தில் இருந்து சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களுக்குப் பயணிகள் கப்பல்கள் இயக்கப்படுகின்றன. சென்னைக்கான பயணம் 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமானது. வானிலையைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று நாள்கள் ஆகும். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. விமானத்தை விட அதிக உடைமைகளைக் கொண்டு செல்ல முடிவதால், குடும்பத்தில் ஒருவர் கப்பலில் முன்னதாகச் சென்று பொருள்களைச் சேர்ப்பதும் உண்டு.

எனினும், மாதத்திற்குச் சில பயணங்களே இருக்கும். கப்பல் பழுதுபார்ப்புக்குச் சென்றாலோ, வங்கக் கடலில் புயல் உருவானாலோ அட்டவணை மாறும். தீவு நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககம் வெளியிடும் அட்டவணையைப் பார்த்த பின்பே மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்.

அஞ்சலும் சரக்குக் கப்பலும்

சிறிய அளவிலான பொருள்களுக்கு அஞ்சல் துறை எளிய வழி. ஸ்பீட் போஸ்ட் மூலம் 35 கிலோ வரையிலான பார்சலை அனுப்பலாம். அச்சிட்ட பாடநூல்களுக்கு, 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள ‘ஞான் போஸ்ட்’ சேவை குறைந்த கட்டணம் கொண்டது. ஒரு பொதியில் 5 கிலோ வரை அனுப்பலாம். இப்பொதிகள் விமானத்தில் அல்லாமல் தரை, கடல் வழியாகச் செல்வதால் கூடுதல் நாள்கள் ஆகும். இவற்றில் துணிமணிகளையோ மற்ற பொருள்களையோ சேர்த்து வைக்கக் கூடாது.

மிதிவண்டி, மேசை, பெரிய டிரங்குப் பெட்டி போன்றவற்றைச் சரக்கு முகவர்கள் மூலம் கப்பலில் அனுப்பலாம். பலருடைய பொருள்களை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்புவது வழக்கம். கண்டெய்னர் நிறையும் வரை காத்திருக்க நேரிடும் என்பதால், முகவர் கூறும் தேதி கப்பல் புறப்படும் தேதியா, பொருள் கைக்குக் கிடைக்கும் தேதியா என்பதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கட்டணத்தில் துறைமுகச் செலவும், வீடு வரை கொண்டு சேர்ப்பதும் அடங்குமா என்பதையும் எழுத்தில் பெறுவது நல்லது.

வெளித் தீவுகளில் இருந்து செல்வோருக்கு

கார் நிக்கோபார், கேம்ப்பெல் பே பகுதிகளைச் சேர்ந்தவர்கள் முதலில் தீவுகளுக்கு இடையிலான கப்பலில் தலைநகரை அடைய வேண்டும். வடக்கே டிக்லிபூரில் இருந்து சாலை வழியாக வருவோர், ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியை குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் அனுமதிக்கப்படும் வாகன அணிவகுப்பில் கடக்க வேண்டும். இதற்கான நாள்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால், சென்னைக்கான கப்பலைத் தவறவிட நேரிடும்.

தென்மேற்குப் பருவமழை தீவுகளில் வழக்கமாக மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. கல்வியாண்டு தொடங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். எனவே புத்தகங்களை முதலில் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி, அதன் பின்னரே அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தீவுவாசி அடையாள அட்டை ஆகியவற்றின் அசல்களை எக்காரணம் கொண்டும் முன்னதாக அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. பெட்டி தாமதமானால் புதிய துணி வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழ் தாமதமானால் சேர்க்கை இடமே பறிபோகலாம். டிஜிலாக்கரில் உள்ள மின்னணுப் பிரதிகளையும் தயாராக வைத்திருப்பது பாதுகாப்பு.

பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி ஆகியவற்றை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். மடிக்கணினியையும் உடன் வைத்துக்கொள்வதே நல்லது. பார்சல் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு பெரும்பாலும் பொருளின் மதிப்பை ஈடு செய்யாது என்பதால், விலை உயர்ந்த பொருள்களுக்குக் காப்பீடு செய்ய வேண்டும்.

பவளப்பாறைத் துண்டுகள், கடல் அட்டை போன்றவற்றை நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைப்பது குற்றம். இவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடல் உயிரியல் மாணவர்கள் ஆய்வு மாதிரிகளை எடுத்துச் செல்ல உரிய அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

முகவரியும் பெறுநரும்

தலைநகரின் பழைய பெயரும் புதிய பெயரும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே தீவுக்கு வரும் பார்சலில் இரு பெயர்களையும், 744 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீட்டையும் எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும். விடுதி திறக்கும் முன் பார்சல் வந்தால் யார் பெற்றுக்கொள்வார்கள் என்பதை விடுதிக் காப்பாளரிடம் முன்பே கேட்டறிய வேண்டும். பெறுவதற்கு ஆள் இல்லாத பார்சல் திருப்பி அனுப்பப்பட்டால், அது மீண்டும் ஒருமுறை கடலைக் கடக்க வேண்டியிருக்கும்.

சென்னையில் இறங்கி ரயிலில் தொடர்வோர், தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். மிகுதியை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யலாம்.

வகுப்பு தொடங்கும் நாளில் இருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சரக்குக் கப்பலில் செல்பவற்றைக் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்பும், அஞ்சலில் செல்பவற்றை இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பும் அனுப்புவது பாதுகாப்பானது. அதன் பிறகும் பெட்டி வராமல் போனால், இரண்டு வாரங்களைச் சமாளிக்கத் தேவையான துணி, மருந்து, முதல் பருவப் பாடநூல் ஆகியவை கையோடு கொண்டு செல்லும் 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.