கரிசலில் ஓர் ஓடுபாதை

கோவில்பட்டியில் விமான நிலையம் இருக்கிறதா என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "ரயில் இருக்கு, பஸ் இருக்கு, பிளைட்டுன்னா வாகைக்குளம் போகணும், இல்லாட்டி மதுரை" என்பார்கள். வாகைக்குளம் என்றால் தூத்துக்குடி விமான நிலையம். ஆனால் கோவில்பட்டிப் பக்கத்திலேயே, தோணுகால் கிராமத்தில், ஓர் ஓடுபாதை இருக்கிறது. பயணிகள் விமானம் எதுவும் வந்து போகாத வெறும் பட்டை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே விமானி பயிற்சிப் பள்ளி தொடங்க டிட்கோ டெண்டர் விட்டபோதுதான் என் நண்பர்கள் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவந்தது. எனக்கு முன்பே தெரியும். காரணம், ஊர்ப்பற்று இல்லை. ஃப்ளைட் சிமுலேட்டர்.

சிமுலேட்டர் உலகத்தில் இரண்டு கூட்டம் உண்டு. விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். அவர்கள் இறங்குவதற்கு இடம் கட்டிக் கொடுக்கிறவர்கள் இன்னொன்று. சீனரி போடுகிறவர்கள் என்று அவர்களைச் சொல்வோம். ஓடுபாதை, டாக்ஸிவே, முனையக் கட்டிடம், விளக்குகள், சுற்றுச்சுவர், வெளியே நிற்கும் வேப்பமரம் வரை அத்தனையையும் கோப்புகளாகச் செய்து, மூல மென்பொருளின் மேல் ஒட்டவைப்பது இவர்கள் வேலை. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. இந்தக் கூட்டத்துக்கு நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அதைத் தமிழில் யாரும் எழுதிப் பார்த்த நினைவில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் 1975இல் தன் ஆய்வேட்டை கணினித் திரையில் விமானக் காட்சியைக் காட்டுவது பற்றி எழுதினார். பிறகு சப்லாஜிக் என்ற நிறுவனத்தின் மூலம் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு சிமுலேட்டர் கொண்டுவந்தார். அதை வாங்கி, ஐபிஎம் கணினிக்கு மாற்றி, 1982இல் மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் வெளியிட்டது. அந்த முதல் பதிப்பில் உலகம் என்பது நான்கே வட்டாரம்: சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க்–பாஸ்டன். விமான நிலையங்கள் சுமார் இருபது. அதற்கு அப்பால் பறந்தால் வெறும் பச்சைத் தரை, வெறும் நீல வானம். நம் பக்கத்துக் கிழவிகள் கதையில் வரும் ஏழு கடல், ஏழு மலை கூட அங்கே கிடையாது.

இந்த வெறுமைதான் தொழிலை உண்டாக்கியது. எண்பதுகளில் சப்லாஜிக்கே 'சீனரி டிஸ்க்' என்று வட்டாரம் வட்டாரமாக ஃப்ளாப்பியில் போட்டு விற்றது. தொண்ணூறுகளில் பொழுதுபோக்காளர்கள் கையில் வேலை வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் காட்சிக் கோப்பின் அமைப்பை அப்போது விளக்கமாக வெளியிடவில்லை. ஜெர்மானியரான மான்ஃப்ரெட் மோல்டன்ஹாவர் அதை உடைத்துப் புரிந்துகொண்டு, எளிய வரிகளில் எழுதினால் சீனரிக் கோப்பாக மாற்றித் தரும் ஸ்காஸம் என்ற கருவியை எழுதினார். ஒரு ஓடுபாதைக்கு இத்தனை வரி, ஒரு கட்டிடத்துக்கு இத்தனை வரி என்று கையால் அடித்தார்கள். சுவர் எந்தப் பக்கம் தெரிய வேண்டும், எது எதை மறைக்க வேண்டும் என்பதைக்கூட எழுதுகிறவரே யோசித்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பாடத்தை நான்கு செமஸ்டர் படித்தாலும் இந்த ஒழுங்கு வராது.

எக்ஸ்-பிளேன் பக்கம் கதை வேறு. அங்கே விமான நிலையம் என்பது அன்றும் இன்றும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். ராபின் பீல் என்பவர் பல ஆண்டுகள் பராமரித்த தரவுத் தொகுப்பு அது. ஃப்ளைட்கியர் என்ற கட்டற்ற சிமுலேட்டரும் அதையே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வரியும் ஒரு எண்ணில் தொடங்கும். 1 என்றால் தரை விமான நிலையம். 100 என்றால் ஓடுபாதை. 19 என்றால் காற்றுப் பை. கடைசியில் 99, கோப்பு முடிந்தது. ஓடுபாதை வரியில் அகலத்துக்கு அடுத்து தரை வகைக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். 1 தார், 2 கான்கிரீட், 3 புல், 4 மண், 5 சரளை. அப்புறம் 12. அது என்ன தெரியுமா? வறண்ட ஏரிப்படுகை. அமெரிக்கப் பாலைவனங்களில் காய்ந்த உப்பு ஏரிகள் மேல் விமானம் இறக்குகிற வழக்கம் உண்டு, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமே அப்படிப்பட்ட இடம். ஆகவே அதற்குத் தனி எண். கரிசலுக்கு எண் இல்லை. 4 என்று போட்டால் செம்மண் மாதிரி ஒரு பழுப்பு வரும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தரவு அமைப்பை யார் வரைகிறார்களோ அவர்கள் கண்ட மண் அதில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கரிசல் வெறும் நிறம் இல்லையே. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண் அது. சித்திரையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும். ஐப்பசியில் நடந்தால் செருப்பு பூமியிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். சாலை போடுகிறவர்கள் அந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் கொட்டுவார்கள், அல்லது சுண்ணாம்பு கலப்பார்கள். இல்லையென்றால் தார் இரண்டு மழைக்குத் தாங்காது. தரை மேலெழும்பி ஓடுபாதையை உடைக்கிற இந்தச் சண்டை எந்தச் சிமுலேட்டரிலும் இல்லை. அங்கே தரை என்பது ஒரு படம்.

கி. ராஜநாராயணன் இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல் அவர் ஊர். அகராதிகளில் தன் மக்கள் பேசும் சொற்கள் இல்லை என்று கண்டு, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி, 1982இல் அகராதியாகவே வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு விவசாயி செய்தார் என்று அதைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. மூலத் தொகுப்பில் விட்டுப்போனதை, மூலத்தைத் திட்டிக்கொண்டிருக்காமல், பக்கத்தில் இன்னொரு தொகுப்பாகச் சேர்த்து வைத்தார். எங்கள் மொழியில் அதற்கு ஆட்-ஆன் என்று பெயர்.

சரி, தரைக்கு வருவோம். சிமுலேட்டரில் கோவில்பட்டியின் மேடு பள்ளம் எங்கிருந்து வந்தது? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினோரு நாள் பூமியைச் சுற்றியது. அதிலிருந்து நீட்டிய அறுபது மீட்டர்க் கம்பத்தின் நுனியில் ஒரு ரேடார் ஆன்டெனா, ஓடத்துக்குள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து உலக நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டின் உயரத்தை அளந்தன. முதலில் நமக்குக் கிடைத்தது தொண்ணூறு மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு. கரிசல் காட்டின் சமவெளிக்கு அது போதும். கழுகுமலைக்குப் போதாது. வெட்டுவான் கோயிலைத் தன் வயிற்றில் வைத்திருக்கும் அந்த ஒற்றைப் பாறை, தொண்ணூறு மீட்டர்க் கட்டத்தில் விழுந்து, யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி ஒரு வழுவழுப்பான மேடாகிவிடும். பின்னால் முப்பது மீட்டர்த் தரவு வந்தது, கொஞ்சம் தேவலை. பாறையின் முகம் வேண்டுமென்றால் பிளெண்டரில் தனியாகச் செதுக்க வேண்டியதுதான்.

இந்த அளவைக்கு ஒரு மூதாதை உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் தன் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், முக்கோணம் முக்கோணமாகத் தென்கோடிவரை வந்தார். குன்றுகள் கிடைக்காத சமவெளியில் கோயில் கோபுரங்களின் உச்சிக்குத் தன் அளவைக் கருவியை ஏற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் கயிறு அறுந்து மோதிச் சேதமானது 1808இல். நான் முதல்முறை ஒரு ஓடுபாதையின் இரு முனைகளையும் ஏழு தசம இடங்களுக்கு அட்சரேகை தீர்க்கரேகையாகக் குறித்தபோது, அந்தக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க விண்ணோடத்தின் தரவு எனக்கு இலவசமாக இறங்கியது. என் சொந்த மாவட்டத்தின் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு அப்படி இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று இரண்டாகப் பிரித்துத்தான் கொஞ்சம் கதவைத் திறந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்களுக்குப் பிறகே இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவு உருவாக்கலாம் என்றானது. அதற்கு முன்பு சீனரி போட்ட இந்தியப் பையன்கள் அத்தனை பேரும் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டுத்தான் வேலை செய்தார்கள்.

2014இல் எக்ஸ்-பிளேன் ஒரு பொது வாசலைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் உலகின் எந்த விமான நிலையத்தையும் செய்து அனுப்பலாம், பரிசோதித்து அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் சேர்த்துவிடுவார்கள். காசு கிடையாது. ஒரே நிபந்தனை, அவர்களுடைய பொது நூலகத்தில் உள்ள கட்டிடங்களையும் மரங்களையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். நியாயமான நிபந்தனைதான், இல்லையென்றால் கோப்பு வீங்கிவிடும். ஆனால் அந்த நூலகத்தில் கோபுரம் இல்லை. சீமைக்கருவேலம் இல்லை, உடைமரம் இல்லை, பனை என்று தேடினால் கடற்கரை விடுதி முன்னால் நிற்கும் அழகுப் பனை வருகிறது. ஆகவே ஒரே நிலையத்தை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கிறது. பொது வாசலுக்கு ஒன்று, ஊர்க்காரனுக்கு ஒன்று.

2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் புதிய சிமுலேட்டர் வந்தபோது, இனி நமக்கு வேலை இல்லை என்று பலரும் நினைத்தோம். பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்கள், அவற்றைப் பார்த்துத் தானே வீடு கட்டும் செயற்கை நுண்ணறிவு, 37,000 விமான நிலையங்கள். கையால் செதுக்கிய நிலையங்கள் விலையுயர்ந்த பதிப்பில் 40. அதில் பூடானின் பாரோ உண்டு, நேபாளத்தின் லுக்லா உண்டு. இந்தியாவிலிருந்து ஒன்றும் இல்லை. வெளியான சில நாளில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசிமாதிரி நிற்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு மாணவர் 2 மாடி என்பதை 212 என்று தட்டிவிட்டிருந்தார். இயந்திரம் அதை நம்பிக் கட்டிவிட்டது.

அதே இயந்திரம் கோவில்பட்டியையும் கட்டியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஊர் சரியாக இருக்கிறது. ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் தீப்பெட்டி ஆலைகளின் தகரக் கூரைகளுக்குப் பதில் சாய்வு ஓட்டு வீடுகள், காட்டில் குட்டை உடைமரங்களுக்குப் பதில் அடர்ந்த இலைமரங்கள். செயற்கைக்கோள் படம் எடுத்த நாள் எதுவோ அந்த நாளின் கரிசல்தான் வருடம் முழுக்க. புரட்டாசியில் உழுத கறுப்பும், மார்கழியில் உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கும் பச்சையும், பங்குனியில் எல்லாம் அறுத்தபின் வரும் சாம்பலும் அதில் மாறி மாறி வராது. ஒரு பருவத்துக்கு ஒரு தரைப்படம் என்று தனியாகச் செய்து ஒட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

இத்தனை சிரமம் எதற்கு என்ற கேள்விக்கு சிகாகோவில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டுதான் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் தொடக்க இடம். பல நாட்டுப் பிள்ளைகள் கணினியில் முதன்முதலாக மேலெழும்பியது அந்த ஓடுபாதையிலிருந்து. 2003 மார்ச் 30, ஞாயிறு நள்ளிரவு, மேயர் ரிச்சர்ட் டேலி முன்னறிவிப்பு இல்லாமல் புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகக் குழி தோண்டவைத்தார். அங்கே நின்றிருந்த சிறு விமானங்கள் மாட்டிக்கொண்டன. இப்போது அது பூங்கா. 2006இல் வந்த சிமுலேட்டர் பதிப்பில் மெய்க்ஸ் இல்லை. உடனே யாரோ அதை ஆட்-ஆனாகச் செய்து போட்டார்கள். 1998இல் மூடிய ஹாங்காங்கின் காய் டாக் நிலையமும் அப்படித்தான், அடுக்குமாடிகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் அந்தப் பாதை இன்று இருப்பது வீட்டுக் கணினிகளில் மட்டும்.

கோப்புகளும் சாகும். 2009 மே மாதம் ஏவ்சிம் என்ற தளத்தின் இரு சர்வர்களையும் ஒருவர் உடைத்து அழித்தார். ஒன்றுக்கு ஒன்று பேக்கப் என்று வைத்திருந்தார்கள். வெளியே மூன்றாவது பிரதி இல்லை. பதின்மூன்று ஆண்டு உழைப்பு போய்விட்டது என்று நிறுவனர் அறிவித்தார். தளம் பிறகு மீண்டும் எழுந்தது, ஆனால் அந்த வாரம் பல நாடுகளில் பலர் தங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத் துழாவினார்கள்.

தமிழ்நாட்டில் இப்படிக் கைவிடப்பட்ட ஓடுபாதைகள் குறைவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் கார் பந்தயத் தடமாகிப் பேர் வாங்கியது. உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, நம் பக்கத்தில் கயத்தாறு என்று பட்டியல் நீளும். கயத்தாற்றில் இப்போது காற்றாலைச் சோதனை நிலையம். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்றுதான் அங்கே விசிறிகளைச் சுற்றுகிறது. அதே பக்கத்துக் காற்றை எதிர்கொள்கிற மாதிரிதான் வாகைக்குளத்தின் ஓடுபாதையும் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. முனைகளில் எழுதியிருக்கும் எண்கள் 10, 28.

வாகைக்குளத்தை நான் சில ஆண்டுகளுக்கு முன் செய்தேன். அப்போது ஓடுபாதை 1,351 மீட்டர், ஏடிஆர் ரக விமானங்கள் மட்டும் இறங்கும், முனையம் ஒரு திருமண மண்டபத்தை விடச் சிறியது. 2025 ஜூலை 26 அன்று 17,340 சதுர மீட்டரில் புதிய முனையம் திறந்தார்கள், ஓடுபாதை 3,115 மீட்டர் ஆனது. கோப்பில் 100 என்று தொடங்கும் வரியை மாற்ற ஐந்து நிமிடம். புதிய முனையத்தைக் கட்ட மூன்று மாத வார இறுதிகள் போயின. வேலை முடிந்ததும் பழைய முனையத்தை அழிக்கலாமா என்று கேட்டபோது, கூட வேலை பார்த்த தம்பி ஒருவன், கோவில்பட்டிக்காரன், துபாயில் இருக்கிறான், "அண்ணே, அதை மட்டும் எடுத்துறாதீங்க, நான் முதல்ல வெளியூர் போனது அந்த வாசல் வழியாத்தான்" என்றான். இப்போது இரண்டு ஃபோல்டர் இருக்கிறது. பழையதில் ஓடுபாதை அதே 1,351 மீட்டர். ஏர்பஸ் கொண்டுவந்து இறக்கினால் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய்த்தான் நிற்கும்.