இயற்கைக்குத் தர்மகர்த்தா யார்? வேடந்தாங்கலை முன்னிட்டு ஓர் ஆய்வு

மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள், நமது சட்டப்பிரகாரம், நிலம் உடையவராகவும் தம் பெயராலேயே வழக்காட வல்லவராகவும் கருதத்தக்க ஒரு நபர். தெய்வத் திருவுருவுக்கு இத்தகைய அந்தஸ்து உண்டென்பதை 1925இல் பிரிவி கௌன்சில் தெளிவாக்கிற்று. அக்கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் அலைவீசும் கடலுக்கோ, தை முதல் பங்குனி வரை அக்கரை மணலில் முட்டையிட வரும் ஆமைகளுக்கோ அத்தகுதி வாய்க்கவில்லை. இயற்கையை நபராக அங்கீகரித்தல் நம் நீதிமரபுக்கு அந்நியமன்று என்பதற்குத் திருவுருவுக்கு வாய்த்த அந்த அந்தஸ்தே போதிய பிரமாணம். ஆயினும், அந்நபருக்காகப் பேசும் தர்மகர்த்தா யார் என்பதே தலையாய வினா என்பது இக்கட்டுரையின் துணிபு.

2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நீதிபதி எஸ். ஸ்ரீமதியின் தீர்ப்பு வாயிலாக, இயற்கை அன்னையைச் சட்டபூர்வமான நபராகப் பிரகடனம் செய்து, அதனைக் காக்கும் பொறுப்பை மத்திய, மாநில அரசுகளிடம் ஒப்புவித்தது. அவ்வழக்கின் மூலமோ, வன நிலத்துக்குப் பட்டா வழங்கியதாக ஒரு வருவாய்த்துறை அதிகாரிமீது எழுந்த குற்றச்சாட்டு! கங்கை, யமுனை நதிகளை 2017இல் நபர்களாக்கிய உத்தராகண்ட் தீர்ப்பும் அதிகாரிகளையே காவலர்களாக நியமித்தது. வெள்ளச் சேதத்துக்கு நஷ்டஈடு தருபவர் யார் என்று அம்மாநில அரசே ஆட்சேபிக்க, சில மாதங்களுக்குள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இவற்றுக்கு எதிரிடையாக நிற்பது செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடுகட்டும் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் இடும் எச்சம் நீரிற் கலந்து, மதகு வழியே பாய்ந்து, வயலுக்கு உரமாகிறது. அப்பயனை அனுபவித்தறிந்த ஊரார், வேட்டைக்காரரைத் தடுக்கும் உரிமைக்கு 1798இலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் அங்கீகாரம் பெற்றதோடு, பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர். இங்கே காவலும் ஜீவனமும் ஒன்றாயிருத்தலின், ஏவுவோர் இன்றியே காவல் நடக்கிறது. மாறாக, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவும் சரணாலயமென்று 1998இல் அறிவித்த அரசின் வனத்துறையிலிருந்தே, அவ்வெல்லையைச் சுருக்கும் யோசனை 2020இல் எழுந்து, பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது.

ஊராரின் பற்று நிரந்தரமோ என்று கேட்கலாம். விவசாயம் நலிந்து, மூட்டை உரம் மலிந்து, நிலத்தின் விலை ஏறிய காலத்தில் அப்பற்றும் தளரக்கூடும். எனவே அவர்களை மட்டும் நம்புதலும் விவேகமாகாது. நியூஸிலாந்தின் வாங்கனூய் நதிக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் சார்பில் ஒருவரும் மாவோரிக் குடிகளின் சார்பில் ஒருவருமாக இரு காவலரை நியமிக்க வகை செய்திருப்பது இங்கு கருதத்தக்கது.

ஆதலின், ஊராரும் அரசும் பறவையியல் வல்லோரும் சேர்ந்தமைந்த காவற்குழு ஒன்றைச் சட்டசபை வேடந்தாங்கலுக்கு நியமித்து, அரசின்மீதே வழக்குத் தொடரும் அதிகாரத்தையும் அதற்கு அளித்தல் வேண்டும். அவ்வதிகாரம் இல்லாத காவல், பெயரளவில் மட்டுமே காவலாகும்.