சிவராய்க் காசுகளில் பிழையும் சிதைவும்

காசு ஒன்றன் குறை அக்கசாலையில் தோன்றியதாயின் அது பிழை; அக்கசாலையை விட்டு நீங்கிய பின்னர்த் தோன்றியதாயின் அது சிதைவு. முன்னது காசு அடிக்கப்பெற்ற முறைக்கும், பின்னது அது வழங்கிய முறைக்கும் சான்றாகும். இவ்விரண்டையும் மயங்கக் கொள்வோர், இல்லாத காசு வகைகளை வரலாற்றில் புகுத்திவிடுவர். புனே வட்டாரத்தில் வழங்கிய மராட்டியர் காசுகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1674இல் இராய்கட் கோட்டையில் முடிசூடிய சிவாஜியின் செப்புக்காசு 'சிவராய்' எனப்பெறும். ஒருபுறம் 'ஸ்ரீ ராஜா சிவ' எனவும், மறுபுறம் 'சத்ரபதி' எனவும் நாகரி எழுத்துகள் உள்ளன. அவர் மறைவுக்குப் பின்னரும் 19ஆம் நூற்றாண்டு வரை அவர் பெயரிலேயே இக்காசு பல அக்கசாலைகளில் அடிக்கப்பெற்றது. செப்புத் துண்டை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். அச்சு துண்டினும் பெரிதாதலாலும், துண்டு நடுவே அமையாமையாலும் பல காசுகளில் எழுத்துகள் முழுமையாக விழவில்லை. எந்திரக் காசில் அரிய பிழையாகக் கருதப்பெறும் இக்குறை, கையால் அடித்த காசில் தொழிலின் இயல்பேயாகும்.

எழுத்து இல்லாமையின் காரணத்தைக் காசே காட்டும். துண்டுக்கு வெளியே விழுந்த எழுத்து விளிம்பில் சட்டென அறும். எஞ்சிய பகுதி கூர்மையாக நிற்கும். தேய்ந்த எழுத்தோ மெலிந்து மழுங்கும். அண்டையிலுள்ள புடைப்புகளும் உடன் மழுங்கியிருக்கும்.

உண்மையான அக்கசாலைப் பிழைக்கு ஓர் எடுத்துக்காட்டு: முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளின், அடுத்த துண்டில் அதன் முகம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும்; மறுமுகத்தின் புடைப்பு குலையாது நிற்கும். இரு காசுகளைப் பிற்காலத்தில் சேர்த்து நசுக்கினும் குழிவு தோன்றும். ஆயின் பழைய புடைப்பின் எச்சம் அதனடியில் தென்படும், மறுமுகமும் தட்டையாகிவிடும்.

சிதைவு பயனற்றதன்று. பேஷ்வாக்கள் காலத்தில் முகலாயப் பேரரசர் பெயரால் புனேயில் அடிக்கப்பெற்ற 'அங்குசி' ரூபாயில் யானைத்தோட்டிக் குறி உண்டு. அது அச்சில் வெட்டப்பெற்றதாதலின் புடைத்து நிற்கும். வெள்ளியின் தரம் அறியச் சராப்புகள் இட்ட பொறிகளோ எழுத்துகளைக் குலைத்துக் குழிந்து நிற்கும். சங்கப் புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் பெயரிலுள்ள 'வண்ணக்கன்' என்னும் சொல் குறிக்கும் காசு நோட்டத் தொழிலின் தடமே இப்பொறி.

ஆகவே, எது முந்தையது, எது அதன்மேல் ஏறியது என்னும் வரிசையை அறிவதே முதற்பணி. அதன் பின்னரே காசை ஓர் ஆட்சிக்கோ ஓர் அக்கசாலைக்கோ உரியதாகக் கூறுதல் பொருந்தும்.