கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு புரதம் போகும் வழி

வெயில் தாழ்ந்த நேரத்தில் பி.டி. மருந்தைத் தண்ணீரில் கலந்து தக்காளிக்கோ பருத்திக்கோ அடிக்கும்போது, இலையில் போய் ஒட்டுவது வழக்கமான ரசாயனம் இல்லை. ஒரு பாக்டீரியாவின் வித்தும் அதோடு உருவான புரதப் படிகமும்தான். அந்தப் புரதத்துக்குக் கிரை என்று பெயர்.

அதைச் செய்யும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. உணவு தீர்ந்ததும் தன்னை ஒரு வித்தாகச் சுருக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே இந்தப் படிகத்தையும் கட்டிவைக்கும். 1901-இல் ஜப்பானில் இஷிவாடா, செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியாவிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பெர்லினர் கண்டார். அந்த வட்டாரத்தின் பெயரே பாக்டீரியாவுக்கு நிலைத்தது: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி.

பருத்திக் காய்ப்புழுவைக் கொல்லும் கிரை வகை ஏறத்தாழ 1,180 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. படிகத்துக்குள் அது இறுகி மடிந்து கிடக்கிறது. பெற்ற பாக்டீரியாவுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. இலையோடு சேர்த்துப் புழு தின்ற பிறகுதான் அதற்கு வேலை வருகிறது. புழுவின் குடல் கடும் காரத்தன்மை உடையது. அதில் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் சங்கிலியில் பாதியை வெட்டிப்போட, ஏறக்குறைய 600 அமினோ அமிலங்கள் கொண்ட உருவம் மிஞ்சுகிறது. அதற்கு மூன்று பகுதிகள். 1991-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தின் புரதம் ஒன்றை அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் தோழர்களும் வரைந்த படம் இருக்கிறதே, இன்றும் உலகில் எந்தப் புரத உருவத்தையும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நம் பாடப்புத்தகங்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

குடல் செல்களின் மேற்பரப்பில் கேடரின் போன்ற ஏற்பிப் புரதங்கள் நிற்கின்றன. கிரையின் வளைவுகள் அவற்றில் பொருந்திப் பிடித்துக்கொள்கின்றன. சில கிரைகள் ஒன்றுகூடியதும், முதல் பகுதியில் கட்டாக இருந்த ஏழு சுருள்களில் இரண்டு செல்சவ்வுக்குள் இறங்க, மற்றவை வெளியே விரிகின்றன. ஆய்வாளர்கள் இதைக் குடை மாதிரி என்றே அழைக்கிறார்கள். சவ்வில் துளை விழுகிறது. தண்ணீர் புகுந்து செல் வீங்கி வெடிக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாக இரண்டு மூன்று நாளாகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருக்கிறதே என்று வேறு மருந்து அடிப்பது வீண் செலவு.

இதே புரதம் நம் வயிற்றுக்குள் போனால் அங்கே இருப்பது அமிலம். பொருந்திக்கொள்ள ஏற்பியும் இல்லை. பருப்பிலுள்ள புரதத்தைப் போலச் செரித்துப்போகும்.

2002 முதல் இந்தியாவில், பாக்டீரியாவின் மரபணு சேர்த்த பி.டி. பருத்திச் செடியே இந்தப் புரதத்தைச் செய்கிறது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் எதிர்ப்பைப் பெற்றுவிட்டதென்று 2010-இல் அறிவிப்பு வந்தது. ஆய்வில் அந்தப் புழுக்களின் கேடரின் சிதைந்திருந்தது தெரிந்தது. கிரை மாறவில்லை, அது பிடித்துக்கொள்ளும் இடம் உருக்குலைந்துவிட்டது. பி.டி. அல்லாத பருத்தியையும் சேர்த்து நடச் சொல்வது இதற்காகத்தான். அதில் பிழைக்கும் சாதாரணப் புழுக்கள் இருந்தால்தான் எதிர்ப்பு பரவுவது தாமதமாகும்.

கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும் தேனி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறைய. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம்தான்; அதே காரக் குடல், அதே வகை ஏற்பிகள். கிரைக்குப் பகைப்புழுவும் தெரியாது, பட்டுப்புழுவும் தெரியாது. பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால், பி.டி. அடிப்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பாருங்கள். அந்தத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.